கொசு வளர்ப்பது நகராட்சியா, நாமா?

(உசிலம்பட்டியில் நடந்த டெங்கு விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இந்த மேடையில் வழக்கமாக உரிமை பற்றிப் பேசுவோம், கோரிக்கை பற்றிப் பேசுவோம். இன்று கொசுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "கொசுவுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்தக் கொசு தமிழகத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வராது.

2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் டெங்கு என்று அரசே ஒப்புக்கொண்ட நோயாளிகள் 12,826 பேர். இறந்தவர்கள் 66 பேர். 2017ஆம் ஆண்டில் நோயாளிகள் 23,294 பேர். இறந்தவர்கள் 65 பேர். இவை அரசு ஏட்டில் ஏறிய கணக்கு. பரிசோதனை செய்யாமலே "காய்ச்சல்" என்று முடிந்து போனவர்கள் இதில் இல்லை.

2012இல் அந்த நெருப்பு முதலில் பற்றியது எங்கே? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில். நம் சமுதாய மக்கள் நிறைந்து வாழும் கடையநல்லூர் அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு மழைக்காலத்தில் அது நம் மதுரை மாவட்டத்திற்கும் வந்து சேர்ந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளிகள் குவிந்ததை இங்கிருக்கும் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

அந்த நாட்களில் ஊருக்கு ஊர் ஒரு சொல் அடிபட்டது. "மர்மக் காய்ச்சல்" என்றார்கள். இதில் என்ன மர்மம் இருக்கிறது? எந்தக் கிருமி என்று தெரியும். எந்தக் கொசு என்று தெரியும். அது எங்கே முட்டையிடுகிறது, எத்தனை நாளில் வளர்கிறது, எப்போது கடிக்கிறது என்பதெல்லாம் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பிள்ளை இறந்தால் அதற்கு மர்மம் என்று பெயர் வைப்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும்.

சாக்கடைக் கொசு வேறு, டெங்குக் கொசு வேறு

கொசு என்றவுடன் நம் கை சாக்கடையை நோக்கித்தான் நீள்கிறது. சாக்கடையில் கொசு இருக்கிறது, உண்மைதான். அது இரவில் கடிக்கும் கொசு. யானைக்கால் நோயைப் பரப்புவது அந்த இனம்தான். சாக்கடையைத் தூர்வார வேண்டும் என்ற நம் கோரிக்கையில் எந்த மாற்றமும் இல்லை.

ஆனால் டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் என்னும் கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கால்களிலும் வெள்ளைப் பட்டை இருக்கும். இது விரும்புவது தெளிந்த நல்ல தண்ணீரை. நாம் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் தண்ணீரில்தான் இது குடித்தனம் நடத்துகிறது. கடிப்பதும் பகலில்தான். காலை நேரத்திலும், மாலை இருட்டுவதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். பகலில் தூளியில் தூங்கும் குழந்தையும், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அதற்கு வசதியான இரை.

ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டை இடும். அதுவும் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் அந்த முட்டை சாகாது. பல மாதம் அப்படியே உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் நிரம்பியதும் பொரிந்து புழுவாகும். புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? "நாங்கள் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தானே தண்ணீர் பிடிக்கிறோம்" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். காலி செய்தால் மட்டும் போதாது. உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கிறது. தேங்காய் நாரை வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும். வெறுமனே கவிழ்த்து வைத்து மறுபடி நிரப்பினால் பழைய முட்டைக்குப் புதுத் தண்ணீர் ஊற்றியதாகத்தான் ஆகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கொசு வெகு தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே அதன் வாழ்நாள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு பிறந்தது உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், மிஞ்சினால் அடுத்த தெருவில்.

தண்ணீர் இல்லாத ஊருக்குத் தண்ணீரால் வரும் நோய்

உசிலம்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. வைகைத் தண்ணீர் நம் கண்மாய்களுக்கு வரவேண்டும் என்று 58 கிராமக் கால்வாய்க்காகப் பல ஆண்டு காலம் போராடிய மக்கள் நாம். குழாயில் தண்ணீர் நின்று நின்று வரும் ஊரில் மக்கள் என்ன செய்வார்கள்? டிரம்மில் பிடிப்பார்கள், சிமெண்ட் தொட்டியில் நிரப்புவார்கள், இருக்கிற குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அடுத்து எப்போது வரும் என்று தெரியாததால் பழைய தண்ணீரைக் கீழே ஊற்றவும் மனம் வராது. அடியில் இருப்பதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடிப்பார்கள். ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவேதான் மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டுமல்லாமல், தண்ணீர்ப் பஞ்சம் வரும் கோடையிலும் டெங்கு வருகிறது. கடையநல்லூரில் அது தலைதூக்கியது 2012 மே மாதத்தில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு பெண் தண்ணீரைச் சேமித்து வைப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தினமும் குழாயில் தண்ணீர் வந்தால் எந்தத் தாய் ஐந்து டிரம் வைத்துக் காவல் காக்கப் போகிறாள்? முறையாகத் தண்ணீர் கொடுக்காமல் டெங்குவை ஒழிக்கப் போவதாகச் சொல்லும் எந்த நிர்வாகத்தையும் நாம் கேள்வி கேட்டே ஆகவேண்டும். அதே நேரத்தில், தண்ணீர் தினமும் வரும் காலம் வரும்வரை நம் பிள்ளைகளைக் கொசுவுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. டிரம்முக்கு மூடி போடலாம். மூடி இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டலாம். இதற்கு எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், உரல். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. சிரட்டை, உடைந்த வாளி, பிளாஸ்டிக் டம்ளர். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. மொட்டை மாடியில் மூடி பறந்து போன தண்ணீர்த் தொட்டி. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் சிமெண்டுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. தேனி ரோட்டிலும் மதுரை ரோட்டிலும் பஞ்சர் கடை வாசல்களில் கிடக்கும் பழைய டயர். இளநீர்க் கடையில் குவிந்து கிடக்கும் கூடு. இவற்றில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீரே ஒரு தெருவுக்குப் போதுமான கொசுவை உற்பத்தி செய்துவிடும்.

நம் பள்ளிவாசல்களையும் விட்டுவிடக் கூடாது. ஒளுச் செய்யும் ஹவுளை நன்றாகப் பராமரிக்க வேண்டும். தண்ணீரை மாற்ற முடியாத பெரிய ஹவுளாக இருந்தால் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீனையோ கப்பி மீனையோ விடலாம். சுகாதாரத் துறையிடம் கேட்டால் வழி சொல்வார்கள். மய்யவாடியில் கிடக்கும் மண்சட்டியும் பிளாஸ்டிக் பையும் அகற்றப்பட வேண்டும். தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்களின் இறையில்லத்தில் கொசுப்புழு இருந்தது என்று யாரும் சொல்லும் நிலை வரக்கூடாது.

புகை வண்டி வந்தால் போதுமா?

காய்ச்சல் பரவியதும் எல்லாரும் கேட்பது புகை மருந்துதான். புகை வண்டி தெருவில் வந்து போனால் மனதுக்குத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் புகை கொல்வது அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும்தான். டிரம்மில் நெளியும் புழுவுக்கும் சுவரில் ஒட்டிய முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. மேலும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளே, கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை, கதவைச் சாத்திய வீட்டுக்குள் எப்படிப் போகும்? நோய் கண்ட வீட்டைச் சுற்றி, வீட்டுக்கு உள்ளேயும் சேர்த்து அடித்தால் உடனடியாக ஓரளவு பயன் உண்டு. சில நாளில் புதுக் கொசு பிறந்துவிடும். ஆகவே புகையைக் கேளுங்கள், ஆனால் அதை நம்பித் தொட்டியைத் திறந்து போட்டுவிடாதீர்கள்.

வீடு வீடாக வந்து தொட்டியைப் பார்த்து அபேட் மருந்து ஊற்றும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? "வீட்டில் ஆம்பளைங்க இல்லை, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்புகிறோம். "மருந்து ஊற்றினால் தண்ணீர் நாறும்" என்று தடுக்கிறோம். உரிய அளவில் போடும்போது குடிநீர்ப் பாத்திரத்திற்கும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கும் மருந்து அது. அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். பெண்களும் இருக்கிறார்கள். நம் தெருக்களுக்கு அவர்கள் வரும்போது அந்தந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு சகோதரி கூடச் சென்றால் எந்த வீட்டுக் கதவும் அடைபடாது. மகளிர் அணியினர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காய்ச்சல் குறைந்த நாளில்தான் ஆபத்து

இனி நான் சொல்லப் போவதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். உயிர் போவதும் பிழைப்பதும் இதில்தான் இருக்கிறது.

திடீரென்று கடுமையான காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, சிலருக்குத் தோலில் சிவப்புத் தடிப்பு. இவை டெங்குவின் அடையாளங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நாம் நிம்மதியாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பார்ப்போம். ஆனால் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அப்போதுதான். வெளியே இரத்தம் கொட்டாமலே உள்ளே இரத்த ஓட்டம் குறைந்து, கை கால் சில்லிட்டு, உயிர் போய்விடும்.

விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம் போவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பிள்ளை அமைதியில்லாமல் புரளுவது அல்லது சுருண்டு படுத்துவிடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குச் சொல்லி உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து மதுரைக்கு அனுப்புவார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய் "செட் மாத்திரை" வாங்கி விழுங்குவது. அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று விழுங்குகிறவருக்குத் தெரியாது. டெங்கு நேரத்தில் ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும்தான் சரி. "ஊசி போடுங்க டாக்டர், அப்பத்தான் கேட்கும்" என்று வற்புறுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

டெங்குவுக்கென்று கிருமியை அழிக்கும் தனி மருந்து கிடையாது. ஆனால் சரியான நேரத்தில், சரியான அளவில் நீர்ச்சத்து கொடுத்தால் பெரும்பாலான நோயாளிகள் பிழைத்துவிடுகிறார்கள். கஞ்சி, இளநீர், மோர், பழச்சாறு, உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே கொடுங்கள். 2012இல் தமிழக அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. குடிக்கிறவர்கள் குடியுங்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்புகிறவர்களும் இருக்கிறீர்கள். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதம்தான் கொல்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டணு குறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் இரத்தம் கொடுக்க முதலில் ஓடுகிறவர்கள் நீங்கள். அந்த நல்ல மனதை எல்லாச் சமுதாயத்தாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் தட்டணு எண்ணிக்கை குறைந்த எல்லாருக்கும் அதை ஏற்ற வேண்டியதில்லை. இரத்தக் கசிவு இருக்கிறதா என்பதைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். "ஏன் இன்னும் ஏற்றவில்லை?" என்று வார்டில் சத்தம் போடுவது நோயாளிக்கு உதவாது.

டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகை மறுபடி வராது. ஆனால் வேறு வகை வரலாம். இரண்டாவது முறை வரும்போது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே "எனக்குத்தான் வந்து போய்விட்டதே" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசு சில நாள் கழித்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கும்.

தடுப்பூசி வரட்டும் என்று காத்திருக்கலாமா? நம் நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் இதே கொசுதான் 2006இல் நம்மை மாதக்கணக்கில் மூட்டுவலியில் முடக்கிப் போட்ட சிக்குன்குனியாவையும் பரப்பியது. ஒரு நோய்க்குத் தடுப்பூசி வந்தாலும் கொசு இருக்கும்வரை மற்ற நோய் இருக்கும்.

முடியும் என்று காட்டியவர்கள்

"கொசுவை ஒழிப்பது நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். இதே ஏடிஸ் கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சேர்ந்து, பனாமா கால்வாய் வெட்டப் போன பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பின. பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். கோர்கஸ் என்ற மருத்துவர் வீடு வீடாக ஆட்களை அனுப்பித் தண்ணீர்ப் பீப்பாய்களை மூடச் செய்தார், தேங்கிய நீரை அகற்றினார். 1906க்குள் அங்கே மஞ்சள் காய்ச்சல் ஒழிந்தது. 1914இல் கால்வாய் திறக்கப்பட்டது. அன்றைக்கு அவர்களிடம் தடுப்பூசி இல்லை. மூடியும் விளக்குமாறும்தான் இருந்தன.

நம்மவர்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரில் வீட்டுப் பூந்தொட்டியில் கொசுப்புழு இருந்தாலும் அபராதம். மறுபக்கம் தலைநகர் டெல்லியில் 1996இல் 10,252 பேர் டெங்குவில் விழுந்து 423 பேர் மாண்டார்கள். பக்கத்து இலங்கையில் 2017ஆம் ஆண்டு ஒரே ஆண்டில் 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தக் கணக்குகளே போதும்.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டு வந்தது. கொசு உற்பத்தியைத் தடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. ஆனால் ஏழையின் டிரம்முக்கு நோட்டீஸ் கொடுக்கும் சட்டம், அரசு அலுவலகக் கொல்லையில் கிடக்கும் பழைய ஜீப்பின் டயருக்கும் பாய வேண்டும் அல்லவா? காவல் நிலைய வளாகத்தில் மழையில் நனையும் பறிமுதல் வண்டிகளுக்கும் பாய வேண்டும் அல்லவா?

ஆகவே நாம் கேட்பது இவைதான். குடிநீர் வரும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். இடைவெளி குறைக்கப்பட வேண்டும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் காய்ச்சல் பரவிய பிறகு மட்டும் வராமல் ஆண்டு முழுவதும் வரவேண்டும். அவர்களின் கூலி தாமதமில்லாமல் கொடுக்கப்பட வேண்டும். காய்ச்சல் கணக்கை மறைக்காமல் தெருவாரியாக வெளியிட வேண்டும். எந்தத் தெருவில் காய்ச்சல் என்று தெரிந்தால்தான் அந்தத் தெருவைக் காப்பாற்ற முடியும். அரசு அலுவலக வளாகங்கள் முதலில் சுத்தம் செய்யப்பட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கொசு வளர ஏழு நாள் வேண்டும். ஆகவே ஏழு நாளுக்கு ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காய வைத்தால் எந்தப் புழுவும் கொசுவாகாது. நமக்கு வெள்ளிக்கிழமை வசதியாக இருக்கும். ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராகும் அன்று காலையில், அரை மணி நேரம் வீட்டையும் கொல்லையையும் மொட்டை மாடியையும் பாருங்கள். தொழுகைக்குப் பிறகு இளைஞர்கள் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து ஒவ்வொரு தெருவாகச் செல்லுங்கள். நம் தெரு, பிறர் தெரு என்று பார்க்காதீர்கள். கொசு மதம் பார்த்தோ சாதி பார்த்தோ கடிப்பதில்லை. நடக்க முடியாத முதியவர் தனியாக இருக்கும் வீடு எந்தச் சமுதாயத்து வீடாக இருந்தாலும், அந்தத் தொட்டியைக் கழுவிக் கொடுப்பது நம் வேலை.

இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள். மழைக்காலம் முடியும்வரை ஒரு வாரம்கூட விடாதீர்கள். எந்தெந்தத் தெரு பார்க்கப்பட்டது, எங்கே புழு இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுங்கள். நம் பங்கைச் செய்துவிட்டுப் போய் நின்றால், அவர்கள் பங்கைக் கேட்கும் நம் குரலுக்கு வலிமை அதிகம்.